முன்வாசல் புல்தரையை எடுத்துவிட்டுக் காட்டுப்பூ வளர்க்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ஊவாக்காற்று (பண்டாரவளை)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் நிலம் 15 பேர்ச். வீடு கட்டியது போக முன்பக்கம் 4 பேர்ச் அளவில் புல்தரை இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன் மலேசியன் புல் வாங்கிப் பதித்தோம். இப்போது பாதிக்கு மேல் கிகூயு புல் ஏறிவிட்டது.

அப்பா ஒரு தேயிலைத் தோட்டத்தில் 31 வருடம் துரை பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். ஓய்வு பெற்று எங்களோடு இருக்கிறார். உண்மையைச் சொன்னால் இந்தப் புல்தரையை நான் போட்டதே அவருக்காகத்தான். இத்தனை காலம் இன்னொருவர் வாசலில் வெட்டிய புல், இனி நம் வாசலிலும் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆனால் ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது கிணறு அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. குடிக்கவே பவுசர் தண்ணீரை எதிர்பார்க்கும்போது புல்லுக்கு எங்கே ஊற்றுவது? காய்ந்து சருகாகக் கிடக்கும். ஐப்பசி மழை தொடங்கியதும் அதே புல் முழங்கால் வரைக்கும் வந்து நிற்கும். புஷ் கட்டர்காரரைக் கூப்பிட வேண்டும். அதைவிட மனதை உறுத்துவது வேறு. அந்த 4 பேர்ச்சில் ஒரு தேனீ இல்லை, ஒரு வண்ணத்துப்பூச்சி இல்லை. பின்பக்கத்தில் போட்ட பூசணிக்கு நானே காலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தேய்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.

இங்கிலாந்தில் இருக்கும் மச்சான், அங்கே பலர் புல்தரையைக் காட்டுப்பூத் தரையாக மாற்றுகிறார்கள் என்று சொல்லி ஒரு விதைப் பொட்டலம் அனுப்பியிருக்கிறார். பொப்பி, கோர்ன்பிளவர் எல்லாம் கலந்தது. இதைத் தூவலாமா? புல்லை எப்படி எடுப்பது? அப்பாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்தனைப்புல் (தியத்தலாவை)

அண்ணே, அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வையுங்கள். அனுமதி இல்லாமல் வெளிநாட்டு விதை கொண்டுவருவதை 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சட்டத்துக்குக் காரணம் நம் மலையிலேயே பூத்து நிற்கிறது. ஹோர்டன் சமவெளிக்குப் போனவர்கள் மஞ்சள் பூவோடு முள்ளாக நிற்கும் புதரைப் பார்த்திருப்பீர்கள். கோர்ஸ் என்று பெயர். வெள்ளைக்காரன் தன் ஊர் ஞாபகத்துக்குக் கொண்டுவந்தது. விதை மண்ணுக்குள் பல பத்து வருடம் உயிரோடு கிடக்கும். வருடா வருடம் ஆள்கள் போய்ப் பிடுங்கியும் முடியவில்லை. பொப்பியும் கோர்ன்பிளவரும் அப்படி ஆகும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு விதை இங்கே வந்து என்ன செய்யும் என்பது போட்ட பிறகுதான் தெரியும், தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

இங்கிலாந்து முறையும் நமக்குச் சரிவராது. அங்கே குளிர்காலத்தில் புல் தூங்கிவிடும். வசந்தத்தில் பூ, கோடை முடிவில் ஒரே வெட்டு, வைக்கோலை வெளியே எடுத்துவிடுவார்கள். 'மே மாதம் புல் வெட்டாதீர்கள்' என்று பிளான்ட்லைஃப் என்ற அமைப்பு அங்கே ஓர் இயக்கமே நடத்துகிறது. அவர்களுக்கு மே என்பது பூக்கும் மாதம். அட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே என்றால் தென்மேற்கு மழை இறங்கும் மாதம். அப்போது வெட்டாமல் விட்டால் புல்தான் எல்லாவற்றையும் மூடும். புல்லின் வேரில் ஒட்டி அதன் சத்தை உறிஞ்சும் யெல்லோ ராட்டில் என்ற செடியை விதைத்துப் புல்லை அடக்குவார்கள். நமக்கு அதுவும் இல்லை.

அவர்களிடம் எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்று இருக்கிறது. மண் சத்துக் குறைவாக இருந்தால் பூ அதிகம், சத்து ஏறினால் புல் அதிகம். ஆகவே உரம் போடாதீர்கள், வெட்டிய புல்லை அங்கேயே மக்க விடாதீர்கள்.

பூந்தரை பார்க்க நாம் இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. பத்தனை என்ற நம் மலைப் புல்வெளி இருக்கிறதே! பண்டாரவளை, வெலிமடை, தியத்தலாவைப் பக்கம் உலர் பத்தனை, மேலே ஹோர்டன் சமவெளியில் ஈரப் பத்தனை. மானாப் புல்லுக்கு நடுவில் எத்தனை சின்னச் சின்னப் பூக்கள்! கொட்டகலைக்குப் பக்கத்தில் ஓர் ஊரின் பெயரே பத்தனை. நாம் பஸ்ஸில் தாண்டிப் போகும்போது 'சும்மா கிடக்கிற புல்லு' என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம்.

கொழுந்துக்கூடை (மஸ்கெலியா)

அண்ணா, நான் குறை சொல்லவில்லை, எங்கள் நிலைமையைச் சொல்கிறேன். லயத்தில் இருந்து தனிவீட்டுக்கு வந்தபோது எங்களுக்குக் கிடைத்தது 7 பேர்ச். கணக்குப் பார்த்தால் 1,900 சதுர அடி. அதில் வீடு, மலசலகூடம், மாட்டுப்பட்டி, ஒரு பாத்தி லீக்ஸ், ஒரு பாத்தி பீன்ஸ். புல்தரை என்பதே எங்களுக்கு இல்லை. இருக்கிற புல்லும் மாட்டுக்குத் தேவை. அறுத்துக் கட்டிய புல்லுக்கட்டைத் தலையில் சுமந்து ஏற்றம் ஏறுகிற எங்களுக்கு, புல்லை அழித்துப் பூ வைப்பது என்றால் மனம் ஒப்பாது.

இன்னொன்று, குளவி. கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி ஆள்களைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாள்கள் எனக்கு இருக்கின்றன. பூ வைத்தால் குளவி வரும் என்று அம்மா முற்றத்தில் ரோஜாக்கூட வைக்க விடமாட்டார்.

பத்தனைப்புல் (தியத்தலாவை)

தங்கச்சி, நீங்கள் சொன்ன இரண்டுமே சரியான கேள்விகள்.

முதலில் குளவி. தோட்டத்தில் நாம் குளவி என்று சொல்வது பெரும்பாலும் பெரிய மலைத்தேனீயைத்தான். அது கூடு கட்டுவது உயரமான கருப்பந்தேயிலை (யூக்கலிப்டஸ்) மரத்திலும் பாறை இடுக்கிலும். முற்றத்துச் சிறு பூவைப் பார்த்து அது அங்கே கூடு கட்ட வராது. தேன் எடுக்க வரும் தேனீ சீண்டினால் ஒழியக் கொட்டாது. கூட்டமாக இறங்குவது கூடு கலைந்தால்தான். கழுகு தட்டினாலோ, காற்றில் கிளை ஆடினாலோ, கீழே புகை போட்டாலோ அது நடக்கும். ஆனால் உங்கள் வீட்டுக்கு மேலே உள்ள மரத்தில் ஏற்கனவே கூடு தொங்கினால் அம்மா சொல்வதைக் கேளுங்கள். அந்த மரத்தடியில் எந்த வேலையும் வேண்டாம்.

புல் விஷயத்தில், மாடு வைத்திருப்பவர்கள் புல்லை எடுக்கவே வேண்டாம். ஒரு முழம் அகலத்தில் வேலியோரத்தை மட்டும் விட்டால் போதும். ஒன்று கவனியுங்கள், உண்ணிச்செடியும் கிலுகிலுப்பையும் மாடு எட்டுகிற இடத்தில் வேண்டாம். இரண்டும் மாட்டுக்கு விஷம்.

கொழுந்துக்கூடை (மஸ்கெலியா)

உண்ணிச்செடி தெரியும். கிலுகிலுப்பை தெரியாது. நன்றி அண்ணா. வேலியோரம் என்றால் செய்து பார்க்கலாம்.

உறைபனி (நுவரெலியா)

நான் கிகூயுவோடு மூன்று வருடம் மல்லுக்கட்டியவள், அதனால் எழுதுகிறேன். அந்தப் புல் கென்யாவின் மலைப்பகுதியில் இருந்து வந்தது. கிகூயு என்பது அங்குள்ள மக்களின் பெயர். உயரம், குளிர், நல்ல மழை, அதற்கு வேண்டியதெல்லாம் நுவரெலியாவில் இருக்கிறது. பிறந்த ஊருக்கு வந்த மாதிரி வளர்கிறது. மண்ணுக்கு மேலேயும் ஓடும், மண்ணுக்குக் கீழேயும் ஓடும். விரல் நீளத் துண்டு ஒன்று மிஞ்சினாலும் திரும்ப வரும்.

முதல் வருடம் மண்வெட்டியால் கொத்தினேன். அது துண்டு துண்டாக வெட்டி நடுகை போட்ட மாதிரி ஆயிற்று, முன்னைவிட அடர்த்தியாக வந்தது. இரண்டாம் வருடம் தை மாதம் ஒட்ட வெட்டி, கறுப்புப் பொலித்தீன் விரித்து, ஓரமெல்லாம் கல் வைத்து மூடினேன். ஆறு வாரத்தில் திறந்தேன். மேலே காய்ந்திருந்தது, அடியில் வெள்ளை முளை உயிரோடு இருந்தது. மூன்றாம் வருடம் தையில் மூடிச் சித்திரை வரைக்கும் திறக்கவில்லை. திறந்த பிறகு முள்ளுக்கரண்டியால் மண்ணைப் புரட்டாமல் தூக்கித் தளர்த்தி, வேரைக் கையால் இழுத்தெடுத்தேன். அப்போதுதான் விட்டது. எங்கள் ஊர்க் குளிரில் வெயில் போதாது, அதனால் இவ்வளவு நாள். பண்டாரவளையில் ஆடி ஆவணி வெயிலில் இரண்டரை மாதம் போதும் என்று நினைக்கிறேன். பக்கத்து நிலத்தில் கிகூயு இருந்தால் நடுவில் ஒரு சாண் ஆழத்துக்குக் கான் (வாய்க்கால்) வெட்டி, மாதம் ஒருமுறை ஓரத்தை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட இரண்டு மூலை ஒரே மழைக்காலத்தில் போயிற்று.

பிறகு நான் எதையும் விதைக்கவில்லை. சும்மா விட்டேன். புளியாரை வந்தது, வல்லாரை வந்தது, ஈரமான பக்கம் குளோவர் வந்தது. கல் கட்டில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சின்ன டெய்சி தானாக இறங்கியது. அது மெக்சிக்கோச் செடி, ஆனால் கல் இடுக்கை விட்டு வெளியே வந்து யாரையும் தொந்தரவு செய்யவில்லை, விட்டுவிட்டேன். தை மாதம் உறைபனி விழுந்த காலையில் குளோவர் இலையெல்லாம் ஓரத்தில் உப்புப் படிந்த மாதிரி இருக்கும். எட்டு மணிக்கு வெயில் வந்தால் கரைந்துவிடும், செடிக்கு ஒன்றும் ஆகாது.

மூன்றாம்நம்பர்மலை (அப்புத்தளை)

இவ்வளவு கஷ்டம் எதற்கு? கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தால் பத்து நாளில் காய்ந்துவிடுமே. அப்புறம் பூவுக்கு என்று தேடவும் வேண்டாம். ரோட்டோரத்தில் காட்டுச் சூரியகாந்தி இருக்கிறது. கம்பை ஒடித்துக் குத்தினால் பிடித்துக்கொள்ளும், தண்ணீரே வேண்டாம், மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும்.

பழையகணக்கு (வெலிமடை)

தம்பி, நான் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

கிளைபோசேட் 2015இல் தடையானபோது மலையில் புல் ஏறிய கதை எனக்குத் தெரியும். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். தேயிலை மலைக்கு அதன் நியாயம் வேறு. நாலு பேர்ச் முற்றத்தில், பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில், கிணற்றுக்கு மேலே அடிக்கும் நியாயம் எனக்குத் தெரியவில்லை. அது கிகூயுவை மட்டும் பார்த்துக் கொல்லாது. மண்ணில் ஏற்கனவே முளைத்திருக்கும் தும்பையும் வல்லாரையும் சேர்ந்து போகும். அவைதானே நமக்கு வேண்டும்?

காட்டுச் சூரியகாந்தி மெக்சிக்கோப் பக்கத்துச் செடி. அழகாக இருக்கிறது என்றுதான் கொண்டுவந்தார்கள். பசுந்தாள் உரமாக அதைவிட நல்லது குறைவு. நாங்களே வெட்டித் தேயிலைத் தூரில் போட்டிருக்கிறோம். ஆனால் பூத்து விதைக்கு முன் வெட்ட வேண்டும், அதுதான் கணக்கு. வெட்டாமல் விட்ட ஓடைக்கரைகளைப் பாருங்கள், ஆள் உயரத்துக்கு மேலே அது மட்டும்தான் நிற்கும், அடியில் ஒரு புல் முளைக்காது. உண்ணிச்செடியும் 1826இல் பேராதனைப் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்ததுதான். இன்றைக்கு இலங்கை முழுக்க எங்கே இல்லை?

வெளிநாட்டுச் செடி எல்லாமே கெட்டது என்றும் நான் சொல்ல மாட்டேன். தேயிலையே வந்தது. நம் உருளைக்கிழங்கு வந்தது. வந்த இடத்தில் தன் அளவோடு இருக்கிறதா, மற்றதை மூடுகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். வெட்டுக்காயப் பூண்டு அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்ததுதான். ஆனால் ஒற்றைத் தண்டில் பூவை உயர்த்திக்கொண்டு தரையோடு கிடக்கிறது, நாள் முழுக்க வண்ணத்துப்பூச்சி அதில் உட்காருகிறது. அதைப் பிடுங்கு என்று நான் சொல்லமாட்டேன்.

பண்டாரவளைத் தம்பிக்கு ஒரு முக்கியமான விஷயம். உங்கள் நிலம் சரிவா? சரிவு என்றால் முழுவதையும் ஒரே தடவையில் திறக்காதீர்கள். ஐப்பசி மழைக்கு முன் மண் வெறுமையாக இருக்கக் கூடாது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவுக்குக் காரணம் வேறு, அளவு வேறு. ஆனால் அதற்குப் பிறகு ஊவாவில் மழையையும் சரிவையும் நான் லேசாக நினைப்பதில்லை. கான் ஓரத்தில் வெட்டிவேரோ மானாவோ ஒரு வரிசை வையுங்கள். தேயிலை மாற்றி நடும்போது முதலில் குவாட்டமாலாப் புல்லும் மானாவும் போட்டு ஒன்றரை இரண்டு வருடம் மண்ணை ஆற விடுவோம். புல் மண்ணுக்குப் பகை இல்லை. எந்தப் புல், எங்கே என்பதுதான்.

மூன்றாம்நம்பர்மலை (அப்புத்தளை)

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. எங்கள் வீட்டு ஓடைக்கரையில் நீங்கள் சொன்ன மாதிரித்தான் அது மட்டும் நிற்கிறது. சின்ன வயதில் அங்கே மீன்முள் மாதிரி இலை உள்ள ஒரு பன்னம் நிறைய இருந்தது. எப்போது காணாமல் போனது என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

நாலாம்வகுப்பு (பதுளை)

நான் ஆசிரியை. பாடசாலை முற்றத்தில் புல் வெட்டும் ஆள் இரண்டு மாதம் வராதபோது என் வகுப்புப் பிள்ளைகள் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன்.

தரையோடு படர்ந்த சிறுபுள்ளடி தெரியுமா? மூன்று சின்ன இலை, நகத்தில் பாதி அளவு ஊதாப் பூ. அதைச் சுற்றி நகம் அளவு நீல வண்ணத்துப்பூச்சி தாழப் பறந்துகொண்டே இருந்தது. ஒரு பிள்ளை குப்புறப் படுத்து அரை மணி நேரம் பார்த்து, 'டீச்சர், இது தேன் குடிக்கல்ல, முட்டை போடுது' என்று கத்தியது. உண்மைதான். அந்தச் சின்ன நீல வண்ணத்துப்பூச்சிகளில் ஒரு வகைக்குப் புழுவின் சாப்பாடே சிறுபுள்ளடி மாதிரி அவரைக் குடும்பச் செடிகள். பூ மட்டும் வைத்தால் விருந்தாளி வந்து தேன் குடித்துவிட்டுப் போகும். இலையும் இருந்தால்தான் குடும்பம் நடத்தும். நாம் களை என்று பிடுங்குவது பெரும்பாலும் அந்த இலையைத்தான்.

பூம்புல்லையும் கொஞ்சம் விடுங்கள். பண்டிகை மாதிரி நீலவரி வண்ணத்துப்பூச்சிகள் வந்து மொய்க்கும். மாசி, பங்குனியில் கூட்டம் கூட்டமாகப் பறப்பவை சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகின்றன என்று நம் வீடுகளில் சொல்வோம். சிங்களத்தில் அந்த மலைக்கு வண்ணத்துப்பூச்சி மலை என்றே பெயர் உண்டு. யாத்திரை போகிறவைக்கு வழியில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது நம் வழக்கம்தானே.

நடைபாதை (தலவாக்கலை)

ஒரு கேள்வி. பாம்பு? எங்கள் பக்கம் குணகட்டுவா அதிகம். போன வருடம் என் மாமியார் பூச்சட்டிக்குப் பக்கத்தில் கை வைத்துக் கடிபட்டார். பிழைத்துவிட்டார், ஆனால் விரல் இன்னும் சரியில்லை.

உறைபனி (நுவரெலியா)

அம்மாவுக்கு விரைவில் குணமாக வேண்டும். குணகட்டுவா, அதாவது கூம்பு மூக்கு விரியன், இலங்கையில் பாம்புக் கடியில் பெரும்பங்கு அதனுடையதுதான். சருகு, கல் குவியல், விறகு அடுக்கு, இவைதான் அதன் இடம். ஆகவே வாசல், நடைபாதை, கிணற்றுக்குப் போகும் வழி, துணி காயப்போடும் இடம் எல்லாவற்றின் இரண்டு பக்கமும் இரண்டு முழத்துக்கு எப்போதும் ஒட்ட வெட்டி வையுங்கள். பூந்தரை வேலிப்பக்கம் தள்ளி இருக்கட்டும். வெட்டிய சருகைக் குவித்து வைக்காதீர்கள். இரவில் டோர்ச் இல்லாமல் இறங்காதீர்கள். களை எடுக்கும்போது கையைவிடச் சுரண்டி நல்லது. இதை எல்லாம் செய்ய முடியாத வீடு என்றால், சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால், பூந்தரை வேண்டாம், சட்டியில் தும்பை வையுங்கள். அதுவும் போதும்.

ஊவாக்காற்று (பண்டாரவளை)

எல்லோருடைய பதிவையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நடந்ததைச் சொல்கிறேன்.

'சிறுபுள்ளடி' என்று டீச்சர் எழுதியதை வாசித்ததும் அவர் எழுந்து வாசலுக்குப் போனார். புல்தரையில் குந்தி உட்கார்ந்து விரலால் புல்லை விலக்கி விலக்கிக் காட்டினார். இது சிறுபுள்ளடி, இது புளியாரை, இது பொன்னாங்கண்ணி, இது அம்மான் பச்சரிசி, இது தும்பை, இந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிறது அதனால் வல்லாரை. எனக்குப் புல்லாகத் தெரிந்த இடத்தில் பதினொரு செடிக்குப் பெயர் சொன்னார். ஒவ்வொன்றின் வேர் எவ்வளவு ஆழம், எந்த மாதம் விதைக்கும், எது பிடுங்கினால் வரும், எது அறுந்து திரும்ப முளைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 31 வருடம் காலையில் இருந்து பின்னேரம் வரைக்கும் துரை பங்களாப் புல்தரையில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கியவை இவை. புல்லைத் தவிர வேறு ஒன்று தெரிந்தாலும் அன்றைக்குப் பேர் விழாது, அதாவது நாள்கூலி கிடைக்காது என்றார்.

நான் அவரிடம், 'அப்பா, இதையெல்லாம் இனிப் பிடுங்க வேண்டாம், இதைத்தான் வளர்க்கப் போகிறோம்' என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'வளர்க்கிறது என்றால் ஒழுங்காக வளர்க்க வேண்டும், காடு மாதிரி விடக் கூடாது' என்றார். நடுவில் நாற்காலி போட்டு உட்கார வட்டமாக ஒரு துண்டு மலேசியன் புல் இருக்க வேண்டும் என்றும் கேட்டார். அது அவருடைய இடம், நான் தொடமாட்டேன்.

வெளிநாட்டுப் பொட்டலத்தை எரித்துவிட்டேன். மச்சானிடமும் சொல்லிவிட்டேன், அவர் வருத்தப்படவில்லை. ஐயா கேட்டதற்குப் பதில்: சரிவுதான், ஆனால் லேசான சரிவு. மூன்று பங்காகப் பிரித்து, முதல் பங்கை மட்டும் இந்த ஆடியில் மூடுகிறேன்.

சாமிமலைத்தூறல் (மஸ்கெலியா)

படித்து மகிழ்ந்தேன். ஒரு யோசனை. ஹோர்டன் சமவெளியில் இருந்து நெலு விதையோ நாற்றோ கொண்டுவந்து வைக்க முடியாதா? 12 வருடத்துக்கு ஒருமுறை பூப்பது வாசலில் இருந்தால் எப்படி இருக்கும்!

பத்தனைப்புல் (தியத்தலாவை)

முடியாது, செய்யவும் கூடாது. ஹோர்டன் சமவெளி 1988இல் இருந்து தேசியப் பூங்கா. அங்கே ஓர் இலையைப் பறிப்பதும் குற்றம். மனதாலும் செய்யக் கூடாத காரியம் அது. நெலு காட்டு மரங்களின் நிழலில், மேகத்துக்குள், கூட்டமாக வாழ்ந்து கூட்டமாகப் பூத்து மடிகிற செடி. வாசலில் தனியாக ஒன்றை வைத்து என்ன செய்வது? பூக்கும் வருடத்தில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வாசலுக்கு வேண்டுமென்றால் போவிட்டியா இருக்கிறது. ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ, ரோட்டு மேட்டிலும் தேயிலை ஓரத்திலும் தானாக நிற்கும். நம் மண்ணின் புளிப்பு அதற்குப் பிடிக்கும், புளிப்பைக் குறைக்கும் டொலமைட் போடாதீர்கள். அதன் பூவில் தேன் இல்லை, மகரந்தம்தான். தேனீ அதில் தொங்கிக்கொண்டு ரீங்காரம் போட்டே மகரந்தத்தை உதிர்த்தெடுக்கும். காலையில் பக்கத்தில் நின்றால் காதில் கேட்கும். நம் வீட்டுச் செடியில் முற்றிய காயைக் காயவைத்து, விதையை மணலோடு கலந்து தவறணையில் (நாற்றுமேடையில்) தூவினேன். முளைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று, அதனால் பொறுமை வேண்டும். கேட்பவர்களுக்கு நாற்றுத் தருகிறேன்.

ஊவாக்காற்று (பண்டாரவளை)

ஏழு மாதம் கழித்து வருகிறேன்.

ஆடி முதல் வாரம் மூடி, புரட்டாதி நடுவில் திறந்தோம். உறைபனி அக்கா சொன்னபடி மண்ணைப் புரட்டாமல் வேரை இழுத்தெடுத்தோம். அப்பாவும் நானும் நாலு சனிக்கிழமை. அப்பா ஒரு சாக்கு நிறையக் கிகூயு வேர் எடுத்தார், அதைக் கிடங்கில் போடாமல் வெயிலில் காயவைத்து எரிக்கச் சொன்னார். கான் ஓரத்தில் வெட்டிவேர் ஒரு வரிசை. ஐப்பசி முதல் மழைக்கு முன் தும்பை விதை மட்டும் தூவினோம், மற்றதை மண்ணுக்கே விட்டோம்.

முதல் ஒரு மாதம் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அங்கங்கே பச்சைப் புள்ளி, மற்றது சிவப்பு மண். கார்த்திகையில் ஒருநாள் இரவு கடும் மழை, ஒரு மூலையில் மண் அரித்துக்கொண்டு போனது. அப்பா விடியற்காலையிலேயே எழுந்து மானாப் புல்லை அரிந்து அந்த இடத்தில் மூடி, கல் வைத்தார். ஐயா சொன்னதைக் கேட்டு ஒரு பங்கை மட்டும் திறந்தது எவ்வளவு நல்லது என்று அன்றைக்குப் புரிந்தது.

தை பிறந்தபோது தும்பை முழங்கால் உயரத்தில் வெள்ளையாக நின்றது. பொங்கலுக்குக் கும்பத்தில் வைக்கத் தும்பைப்பூ அம்மா கடையில் வாங்கவில்லை. ஓரத்தில் வெட்டுக்காயப் பூண்டு, தாழ சிறுபுள்ளடி. பத்தனைப்புல் தம்பி தந்த போவிட்டியா நாற்று மூன்றில் இரண்டு பிடித்திருக்கிறது. வெள்ளைக்கண்ணிக் குருவிகள் கூட்டமாக வந்து செடிக்குச் செடி தாவுகின்றன, காலை ஏழு மணிக்குச் சத்தம் கேட்டாலே அப்பா தேநீரோடு வெளியே போய்விடுகிறார். பூசணிக்கு இந்த முறை நான் கை வைக்கவில்லை. எட்டுக் காய். ஒரு பருவத்தை வைத்து இதனால்தான் என்று சொல்லமாட்டேன், ஆனால் காலையில் பூசணிப் பூவுக்குள் தேனீ இருந்ததை நானே பார்த்தேன்.

சரியாக வராததையும் சொல்ல வேண்டும். பக்கத்து நிலத்துப் பக்கம் கான் வெட்டத் தாமதித்ததால் கிகூயு இரண்டு அடி உள்ளே வந்துவிட்டது. பூம்புல் ஒரு பக்கம் மிஞ்சிப் போகிறது, டீச்சர் 'கொஞ்சம்' என்று சொன்னதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி, 'ஏன் முற்றத்தைத் தரிசாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள்' என்று கேட்டார். அப்பா ஓரத்தையெல்லாம் கயிறு கட்டி நேராக வெட்டி, நடைபாதைக்கு இரண்டு பக்கமும் கல் அடுக்கிய பிறகு அவர் அப்படிக் கேட்பதில்லை. போன வாரம் வல்லாரை கேட்டு வந்தார், சம்பல் போடக் கொடுத்தோம்.

இரண்டாம் பங்கை வருகிற ஆடியில் மூடப்போகிறோம். அதற்குமுன் ஒரு சந்தேகம்: தும்பை இப்போது காய்ந்துகொண்டு வருகிறது. விதை முழுக்க உதிர்ந்த பிறகு வெட்டுவதா, முன்னாடியே வெட்டுவதா?

பழையகணக்கு (வெலிமடை)

முக்கால்வாசி உதிரட்டும். அதன் பிறகு கவ்வாத்துக் கத்தியால் ஒரு சாண் விட்டு வெட்டி, இரண்டு மூன்று நாள் அங்கேயே உதறிக் காயவிட்டு, அப்புறம் வெளியே எடுங்கள். மிச்ச விதையும் விழுந்துவிடும். ஒரே நாளில் முழுவதையும் வெட்டாமல் பாதி பாதியாக வெட்டினால் பூச்சிகளுக்குப் போக்கிடம் இருக்கும். அப்பாவுக்கு என் வணக்கம்.

கொழுந்துக்கூடை (மஸ்கெலியா)

அண்ணா, நாங்கள் வேலியோரம் ஒரு முழம் விட்டோம். எங்கள் பக்கம் மழை அதிகம், தும்பை வரவில்லை. வல்லாரையும் வழியோர ஊதாப் பூவும்தான் வந்தன. அம்மாவுக்குத் தும்பை வேண்டுமாம், பூசைக்கு. உங்களிடம் விதை மிச்சம் இருக்குமா? இங்கே வீட்டுக் கூரைக்குக் கீழே மழை படாத இடத்தில் போட்டுப் பார்க்கிறேன்.

ஊவாக்காற்று (பண்டாரவளை)

இருக்கிறது தங்கச்சி. அப்பா ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தல் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைச் சந்தைக்கு உங்கள் பக்கத்தில் இருந்து யாராவது வந்தால் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன். போத்தலை மட்டும் திருப்பி அனுப்பச் சொன்னார்.